எல்லையோரத்து மூன்று பெட்டிகள்

செய்தி வந்தபோது நான் பகாவ் பாசாரில் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா அருளப்பன் இன்று காலை மம்பாவில் மகள் வீட்டில் காலமானார் என்று தோட்ட ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். மீனைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன். அதற்குள் அனுதாபச் செய்திகள் வந்து குவிந்தன. பழைய மேனேஜர்கள், மலாய் நண்பர்கள், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர். நான் நீண்ட சேவைச் சான்றிதழ் வாங்கிய அன்று இதே குழுவில் நான்கு பேர் கைகூப்பிய படம் போட்டார்கள். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, இந்தக் கணக்குதான். ஜெசிந்தாவைத் தெரிந்த உங்களிடம் இதை மறைப்பானேன்?

தோட்டத்தில் இரண்டாம் டிவிஷன் வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் அவர், மூன்றாம் டிவிஷனுக்கு நான். இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் ஒரு கால்வாய். எலித் தொல்லையைக் குறைக்க, ஆந்தை வந்து தங்கப் பெட்டி வைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்த பயிற்சிக்கு இருவரும் ஒரே காரில்தான் போய் வந்தோம். இதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். யோசனை எனக்கும் தெரியும். ஆனால் நம் லயங்களில் ஆந்தை கத்தினால் ஒரு சாவு விழும் என்று உப்பைச் சுற்றி அடுப்பில் போடுகிறவர்கள் நாம். ஆந்தையைக் கூட்டி வந்தவன் என்ற பெயர் எனக்கு எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் அடுத்த மாதமே கம்பம் நட்டுப் பெட்டி ஏற்றினார். அவர் வேதக்காரர், அவருக்குச் சகுனம் ஏது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அதுவும் பொய். ஆந்தை கத்தினால் முதலில் ஜன்னலைச் சாத்துகிறவர் அவருடைய அம்மாதான்.

ஆள்கள் பெட்டிகளைப் பிடுங்கப் போவதாகப் பேச்சு வந்தது. ஜெசிந்தா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. பெட்டிகளுக்குக் கீழே ஆந்தை கக்கிப்போடும் கறுத்த உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டு ஆள்கள் கூடும் காலைப் பெரட்டுக்கு வந்தார். பேர் கூப்பிட்டு முடிந்ததும் நாளிதழை விரித்து ஒவ்வொன்றாக உடைத்தார். உள்ளே மயிரும் எலி மண்டையோடுகளும். அவற்றை வரிசையாக அடுக்கிவிட்டு, “நம்ம பழத்த தின்னது இதுங்கதான். இதுங்கள தின்னத நீங்க வெரட்டப் போறீங்களா?” என்றார். அதற்குப் பிறகு ஒரு பெட்டியையும் யாரும் தொடவில்லை. நான் அன்று ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நாள் முழுக்க எரிச்சல்.

எலி கடித்த குலைகள் அவருடைய பக்கம் குறையத் தொடங்கின. மாதக் கூட்டத்தில் மேனேஜர் என்னைப் பார்த்து, “பக்கத்துலதானே இருக்கீங்க, பார்த்துக் கத்துக்கலாம்லா” என்றார். அதே வாரம் ஜெசிந்தா மோட்டார் சைக்கிளில் என்னிடம் வந்தார். விஷம் தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் செத்துப்போகும், கால்வாய் ஓரத்து மரங்களுக்கு மட்டும் விஷக்கட்டி வைக்காமல் இருக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். சரி என்று தலையாட்டினேன். அவர் மோட்டார் சத்தம் ஓயும் முன்பே ஆள்களை வேலை வாங்கும் மண்டோரைக் கூப்பிட்டு, அந்த ஓரத்து மரம் ஒன்றையும் விடாமல் வைக்கச் சொன்னேன். இது உங்கள் யாருக்கும் தெரியாது. எலிக்காகச் செய்தேன் என்று இன்று சொன்னால் என் வாய் வெந்துபோகும்.

எல்லையோரம் அவருடைய மூன்று பெட்டிகளில் ஆந்தைகள் செத்தன. கொஞ்ச நாளில் ஒரு விருதுக்காகப் பார்வையிட அதிகாரிகளும் அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் வந்தார்கள். பக்கத்து டிவிஷன்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். குஞ்சுகள் இருந்த பெட்டிகளைக் காட்டியதோடு விடாமல், அந்த மூன்று பெட்டிகளையும் ஜெசிந்தாவே கூட்டிப்போய்க் காட்டினார். இவை ஏன் காலி என்று பேராசிரியர் கேட்டார். எதிர்க்கரையில் என் மரங்களின் அடியில் நீல விஷக்கட்டிகள் வெட்டவெளிச்சமாகக் கிடந்தன. ஜெசிந்தா அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, “இது என்னோட தப்பு சார். எல்லைக்கு ரொம்ப கிட்ட வெச்சிட்டேன்” என்றார். பேராசிரியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. பெருந்தன்மையிலும் அவரே முந்திக்கொண்டார்.

அந்த ஆண்டு மாநில அளவில் சுற்றுச்சூழல் விருது அவருக்குக் கிடைத்தது. விழாவில் நானும் கை தட்டினேன். தமிழ்ப் பத்திரிகையில் வந்த படத்தில் என் தோள் மட்டும் தெரிகிறது. மேடையிலிருந்து இறங்கியதும் அவர் நேராக என்னிடம் வந்து, “அண்ணே, நீங்களும் பெட்டி வைங்க. செய்யிற ஆள நான் அனுப்புறேன்” என்றார். யோசிக்கிறேன் என்றேன். அவர் உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டு மம்பாவுக்குப் போகும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் போன பிறகுதான் விஷத்தை நிறுத்திப் பெட்டி வைத்தேன். அவர் கண்முன்னே பெட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் அவருக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டிய இரண்டை மறக்காமல் இருக்கத் தாளில் குறித்திருந்தேன். என் பெட்டி ஒன்றில் ஆறு குஞ்சுகள் என்பது முதலாவது. அந்த ஓரத்தில் விஷம் வைக்கச் சொன்னது நான்தான், மன்னித்துவிடு என்பது இரண்டாவது. முதலாவதைச் சொன்னேன். இளைத்த குரலில் சிரித்துவிட்டு, “ஆறா? எனக்கு ஒரு பெட்டியிலயும் அஞ்சுக்கு மேல வந்ததில்ல. பொறாமையா இருக்குண்ணே” என்றார்.

மனதாரச் சொன்னாரா, என்னை அறிந்து சொன்னாரா, தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இத்தனை வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அந்தப் பூரிப்பில் தாளைப் பார்க்காமலே போனை வைத்துவிட்டேன். இரண்டாவதை அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வார்த்தையைத்தான். அவருக்குச் சேரவேண்டியதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பெட்டிகளில் ஜெசிந்தாவின் தப்பு எதுவுமே இல்லை.