வெள்ளிக்கிழமை மேடு

புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு காற்றின் ஈரத்தை அளக்கிறேன் என்று சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. "ஊரே வெயில்ல காயுது, ஒனக்கு எங்கிட்டுருந்து ஈரம் வரும்?" என்று என் மாமியார் கேட்டார். கல்லூரியிலும் அதே கேள்விதான், கொஞ்சம் மரியாதையாக. என் கணக்கு வேறு. ஈரம் வழிகிற ஊரில் அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதற்கு? தலையைத் தொட்டுப் பார்த்தாலே போதும்.

என் கருவி, வீடுகளுக்கு இன்டர்நெட் கொண்டுவருகிற கண்ணாடி இழையில் ஒரு துண்டு. அதன் மேலுறையை விரல் நீளத்துக்கு உரித்து, அமிலத்தில் இன்னும் மெலிதாக்கி, அந்த இடத்தில் கிராபீன் ஆக்சைடு பூசுவேன். பென்சிலில் இருக்கிற கரியின் நெருங்கிய சொந்தம் அது. கண்ணுக்குத் தெரியாத ஏடுகளாகப் பிரித்தது. காற்றில் ஈரம் ஏறினால் பூச்சு அதை உறிஞ்சும். உடனே இழைக்குள் போகிற ஒளி மாறும், கணினித் திரையில் கோடு ஏறும். ஈரம் போனால் கோடு இறங்கும்.

துறையில் நல்ல மேசைகள் எல்லாம் மற்றவர்களுக்குப் போய்விட்டன. எனக்குக் கிடைத்தது முழங்கால் உயரத்தில் ஒரு பழைய பெஞ்ச். ஒப்பிட்டுப் பார்க்க விலைக்கு வாங்கிய கருவி, மேலே சுவரில் ஏசிக்குப் பக்கத்தில் தொங்கியது. வாரம் முழுக்க இரண்டும் ஒத்துப்போகும். வெள்ளிக்கிழமை விடிகாலையில் மட்டும் என் கோடு மேடாக எழும்பி, பிறகு இறங்கும். சுவரில் இருப்பது அசையவே அசையாது.

"அந்த மேட்டை எடுத்துடும்மா," என்றார் என் நெறியாளர். நல்ல மனிதர். தான் ஓய்வு பெறுவதற்குள் எனக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்துவிடத் துடித்தார். "வர்ற வெள்ளிக்கிழமை உன் ஆய்வப் பாக்கக் கமிட்டி கூடுது. வெளியிலேருந்து வர்றவரு, கருவி கோளாறுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாரு. அவரு கையெழுத்துப் போடலைன்னா எல்லாம் போச்சு."

"மேடு இருக்கட்டும் சார்," என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் அந்தக் கையெழுத்து வேண்டும்தான். ஆனால் மேடு ஏன் வந்தது என்று தெரியவில்லை என்பதற்காக, வந்ததை வரவில்லை என்று சொல்ல முடியாது. பல வருடம் அந்த இழையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதைப் பொய்யாக்கிவிட்டு வாங்குகிற பட்டம் எனக்கு வேண்டாம்.

கமிட்டி நாளன்று வீட்டு வேலையை மாமியாரிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போனேன். ஆய்வகக் கதவு திறந்திருந்தது. துப்புரவு வேலை செய்கிற அக்கா, வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"வெள்ளிக்கிழமைல்ல. வாராவாரம் கழுவி விடுறதுதான். நீங்க வர்றதுக்குள்ள காஞ்சுரும்."

திரையைப் பார்த்தேன். கோடு ஏறிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் நான் ஒருநாளும் அங்கே இருந்ததில்லை. என் வீட்டைக் கழுவிக்கொண்டிருப்பேன். நெறியாளர் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் வருவார். ஊரே கழுவுகிற நாளில் ஆய்வகத்தையும் கழுவுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மதியம் கமிட்டி வந்தபோது தரை காய்ந்து கிடந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். வெளியிலிருந்து வந்தவர் என் பெஞ்சுக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"தரையைக் கழுவுனதெல்லாம் ஒரு விளக்கமாம்மா? மேல இருக்குற நல்ல கருவிக்குத் தெரியாதது, ஒங்க இழைக்கு மட்டும் எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமைய எடுத்துட்டுக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுறேன்."

நெறியாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சரி என்று சொல்லிவிடு என்பதுபோல. நான் வெளியே போய், குழாயடியில் இருந்த வாளியை நிரப்பிக்கொண்டு வந்தேன். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினேன்.

"காலக் கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா சார்."

அவர் தூக்கினார். ஊற்றிவிட்டேன். தண்ணீர் அவர் நாற்காலிக்கு அடியில் ஓடி, அறை முழுக்கப் பரவியது. நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். சுவரில், ஏசியின் உலர்ந்த காற்றில் தொங்கிய கருவியின் எண் மாறவில்லை. தரைக்குப் பக்கத்தில் இருந்த இழையின் கோடு திரையில் கொஞ்சம் தயங்கியது, பிறகு ஏறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை தோறும் நான் பதிவில் பார்த்த அதே மேடு.

வந்தவர் சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பேனாவை எடுத்தார்.

"போதும்மா. பேப்பரக் கொடுங்க."

"இருங்க சார்," என்றேன். "தரை காயட்டும். கோடு இறங்குறதையும் பாத்துட்டுப் போடுங்க."