போர்டில் சிரித்த என் மனைவி

அப்போது நான் தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை ஜி.எஸ்.டி. ரோட்டில், குரோம்பேட்டை சிக்னலில் தலையைத் தூக்கினால், வானத்தையே மறைக்கிற மாதிரி ஒரு விளம்பர போர்டு. குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் உயர்த்திவிட்டதாம். அமைச்சர் கும்பிடுகிறார். அவர் பக்கத்தில் தலை நிறையப் பூவோடு சிரிப்பது என் மனைவி.

பின்னால் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். எனக்கு வண்டியை எடுக்கவே தோன்றவில்லை.

வீட்டில் கேட்டால் அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "எனக்கு இன்னா தெரியும்? பஸ் ஸ்டாண்டுல யாரோ கேமராவோட வந்து சிரிக்கச் சொன்னாங்க. பேப்பருக்குன்னு நெனச்சேன்" என்றாள். ஒரு சின்னத் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைப்பவள் அவள். உயர்ந்த கூலி அவளுக்கு வரவில்லை. அங்கே யாருக்குமே வரவில்லை.

கூட வேலை செய்த பெண்கள் விடுவார்களா? அவளுக்கு மேலிடத்தில் ஆள் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார்கள். "அக்கா, நீயே போய்க் கேளு. உன் மூஞ்சியப் போட்டுத்தானே குடுக்கறோம்னு சொல்லிக்கீறாங்க" என்று தள்ளிவிட்டார்கள். கேட்டாள். முதலாளிக்கு வந்ததே கோபம்! "கவர்மென்ட்டுக்குப் படம் குடுத்து என்னையே மாட்டிவிடறியா? போர்டு வெச்சவங்ககிட்டயே போய் வேலை கேளு" என்று அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

யார் மேல் கோபப்படுவது? போர்டு சொன்னது பொய்யில்லை, உத்தரவு நிஜம்தான். ஆனால் அந்த போர்டுக்குப் பட்டப்பகலில்கூட விளக்கு எரிந்தது. அதற்குக் கொட்டிய பணத்தில் கம்பெனி கம்பெனியாக ஓர் ஆளை அனுப்பிக் கூலி கொடுக்கிறார்களா என்று கேட்டிருக்கலாமே என்று வயிறு எரிந்தது. அப்படியும் சிக்னலில் நின்றால் அண்ணாந்து பார்ப்பேன். அழகாகத்தான் இருந்தாள். பெருமைப்படுவதா அழுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பம்மலில் இன்னொரு தையல் கம்பெனிக்கு நானே அவளை அழைத்துப் போனேன். சூப்பர்வைசர் அவளை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, ஜி.எஸ்.டி. ரோட்டு போர்டுல கீறது நீதானே? கூலி ஏத்திக் கேக்கற ஆளு நமக்கு சரிப்படாது."

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நான் இல்ல சார். அது வேற யாரோ."

வேலை கிடைத்தது, பழைய கூலிக்கே. அன்றைக்கே மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.