ஒப்பீட்டுக்கு வந்தவர்

ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போனது நான். என் வீட்டுக்காரர் எனக்குத் துணைக்கு வந்தவர். இதை எத்தனை பேரிடம் சொல்லிப் புலம்பியும் எனக்கு ஆறவில்லை.

கொரோனாக் காய்ச்சல் வந்துபோன பிறகு என் மூக்கு செத்துவிட்டது. பால் தீய்ந்து சட்டி கரியானாலும் தெரியாது. ரசத்தில் பெருங்காயம் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தால் வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவேன். அவர் சட்டியின் மேல் குனிந்து, "மணக்குது புள்ள, தெருவே மணக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் நம்பி இறக்கி வைப்பேன்.

மாதங்கள் போயும் வாசனை திரும்பவில்லை. மதுரையில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் என்னைப் போன்றவர்களை வைத்து ஆராய்ச்சி நடப்பதாகப் போடியில் நாங்கள் பார்க்கும் டாக்டர் சொன்னார். மூக்கு டாக்டர்களும் நரம்பு டாக்டர்களும் சேர்ந்து நடத்துவதாம். பஸ் ஏறிப் போனோம். ஆராய்ச்சியைக் கவனித்துக்கொண்ட டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். உட்காரவைத்து, முதல் பேச்சாக, "அம்மா, இந்த ஆய்வால உங்களுக்கு நேரடியாப் பலன் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது. பின்னாடி வர்றவங்களுக்கு உதவலாம். யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவள். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். சரி என்றேன்.

பிறகு அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில் அதே சாப்பாடு சாப்பிடும், நோய் எதுவும் இல்லாத ஓர் ஆள் வேண்டும் என்றாள்.

அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு, "கேட்டுக்கிட்டியா புள்ள? நீ பேஷண்டு. நான் நல்லா இருக்குறவன். ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாங்க" என்றார்.

சோதனை என்பது ஸ்கெட்ச் பேனா போன்ற குச்சிகள்தான். ஒவ்வொன்றையும் மூடி திறந்து மூக்கருகே காட்டுவார்கள். எதிரே நான்கு படங்கள் இருக்கும். எதன் வாசனையோ அதைத் தொட வேண்டும். எனக்குச் சிலது தெரிந்தது, பலது தெரியவில்லை. பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து அவர் உட்கார்ந்தார். வாழைப்பழத்துக்குச் சோப்பைத் தொட்டார். ஆரஞ்சுக்கு மீனைத் தொட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவர் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ஏலக்காய் கிடக்கும், அவர் தொழில் அது. அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடச் சொல்லி, நசுக்கி அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள்.

"ம், வைங்க" என்றார் அவர்.

"வச்சிருக்கேன் அப்பா."

அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏலக்காயிலயே கெடக்குறவனுக்கு அதுல என்ன வாசனை தெரியும் டாக்டரம்மா? போடிக்காரன் எவனை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

நானும் ஆமாம் போட்டேன். பொய்யில்லை. வெளியூர்க்காரர்கள் போடியில் பஸ்சை விட்டு இறங்கியதும் மூச்சை இழுத்து ஆகா என்பார்கள். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. குடோனுக்குள் பிறந்து வளர்ந்த மாதிரிதானே இருக்கிறோம். ஏல மையத்தில் காய் வாங்குகிறவர் நிறத்தைப் பார்ப்பார், பருமனைப் பார்ப்பார், உள்ளங்கையில் போட்டுக் குலுக்கிக் கனம் பார்ப்பார். அதிலெல்லாம் என் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். மூக்கு எப்போது போனது என்று எங்கள் ஊரில் யாருக்குமே தெரிய வழியில்லை. வேறெந்த ஊராக இருந்தாலும் வீட்டில் ஒருத்தராவது கண்டுபிடித்திருப்பார்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. என் மூக்கு போனதைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெண் வேறு பேச்சு மாதிரி என்னிடம் கேட்டாள். "அப்பா நல்லாத் தூங்குவாரா? தூக்கத்துல பேசுறது, கை கால் ஓங்குறது எதுவும் உண்டா?"

வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. அது எங்கள் வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் சொல்லும் கதை. அவருக்குப் பூர்வீகம் தேவாரம். சின்ன வயதில் காட்டுக்குக் காவலுக்குப் போய் யானை விரட்டியவர். இந்தக் கொஞ்ச வருடமாகத் தூக்கத்தில் அந்த யானை திரும்ப வந்துவிட்டது. "ஏய்! ஆனை! அங்கிட்டு விரட்டு!" என்று கத்துவார். தலையணை பறக்கும். ஒரு தடவை விட்ட உதையில் நான் கட்டிலை விட்டே கீழே விழுந்தேன். இதையெல்லாம் நடித்தே காட்டினேன். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு, "ஆனைன்னு நெனச்சுத்தான் ஒதச்சேன், பெருசா ஒண்ணும் தப்பாயிறல" என்று என் உடம்பைப் பார்த்தார்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். நான் நடிப்பை நிறுத்தினேன்.

பெரிய டாக்டர் ஒருவரைக் கூட்டி வந்தாள். என்ன ஏதென்று நாங்கள் விடாமல் கேட்க, அவர் நிதானமாகச் சொன்னார். வாசனை போவது, தூக்கத்தில் கனவுக்கு ஏற்ப உடம்பு ஆடுவது, இரண்டும் சேர்ந்து இருப்பவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து நடுக்குவாதம் வருகிறது. எல்லோருக்கும் வருவதில்லை. வருமா, எப்போது வரும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. வராமல் தடுக்கவும் இன்றைக்கு மருந்து இல்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சி. விருப்பமிருந்தால் வருடத்துக்கு ஒரு முறை வந்து காட்டலாம்.

தடுக்க மருந்து இல்லாத ஒன்றை ஏன் சொன்னார்கள் என்று பஸ்சில் கொதித்தேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே, "நாமதான கேட்டோம்? வந்தா வரட்டும். வர்ற வரைக்கும் நமக்கு என்ன சோலி இருக்கோ அதைப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு. அன்றைக்கு என் கையில் கொடுத்துவிட்டார்கள், இன்னும் சில நல்ல வருடங்கள் இருக்கின்றன, எத்தனை என்று தெரியாது என்று. அந்த வருடங்களை நான் என்ன செய்தேன் என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது பார்த்தேன். டீ டம்ளரை எடுக்கும் விரலைப் பார்த்தேன். செக்கில் போடும் கையெழுத்து போன மாதத்தைவிடச் சின்னதாகிவிட்டதோ என்று பார்த்தேன். குரங்கணிக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு. ஜீப்பு நிற்கும் இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். முன்பெல்லாம் நான் முன்னால் போவேன், அவர் பின்னால் எதையாவது சொல்லிச் சீண்டிக்கொண்டே வருவார். அதன் பிறகு அவரை முன்னால் போகவிட்டேன். நடக்கும்போது இரண்டு கையும் ஒன்றுபோல வீசுகிறதா என்று பார்ப்பதற்காக. மரத்தடியெல்லாம் ஏலச்செடி பூ விட்டிருந்த காலம் அது. நான் அவர் கைகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

எனக்கு வாசனை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு நாள் அடுக்களையில் பெருங்காயம் மூக்கில் ஏறியபோது நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன். எனக்கு வந்ததற்குப் பதிலாக அவருக்கு வந்திருக்கக் கூடாதா?

இடது கை வீசுவது நின்றது. பிறகு கட்டைவிரல் ஆட ஆரம்பித்தது. மதுரையில் அதற்குப் பெயர் வைத்து மாத்திரை கொடுத்தார்கள். வருடாந்திரச் சோதனை தொடர்ந்தது. இப்போது நரம்புக்காரர்கள் மட்டுமில்லை. கண்ணுக்கு ஒரு இடம், குடலுக்கு ஒரு இடம், இதயத்துக்கு ஒரு இடம், தூக்கத்துக்கென்று தலையெல்லாம் ஒயர் ஒட்டும் ஒரு அறை. "ஒரு மனுசனுக்குள்ள இத்தனை ஆபீசா?" என்று கேட்டுக்கொண்டே எல்லா அறைக்கும் போய் வந்தார். என்னை யாரும் எந்த அறைக்கும் கூப்பிடவில்லை. என் பெயருக்கு நேரே குணமாகிவிட்டது என்று போட்டுவிட்டார்களாம்.

போன தடவை போனபோது அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்தாள். ஆராய்ச்சிக் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டுவிட்டதாம். "அப்பா மாதிரி ஆளுங்களாலதான் இது நடந்துச்சு. எடுத்துக்கங்கம்மா" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்களுக்கு இதுல என்ன கிடைச்சுச்சும்மா? வரப்போறது தெரியாம இருந்திருந்தா நாலு வருசம் சிரிச்சுக்கிட்டாவது இருந்திருப்போம். அதையும் எடுத்துக்கிட்டு இனிப்பு நீட்டுற" என்று நடு வராந்தாவில் கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பொய் சொல்லவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலம்மா. உண்மைதான்" என்றாள்.

அவர் மெதுவாகக் கையை நீட்டி ஒரு லட்டை எடுத்தார். நடுக்கத்தில் பூந்தி உதிர்ந்தது. வாயில் போட்டுக்கொண்டு, "அவ டீச்சரு. சத்தமாத்தான் பேசுவா. நீ மனசுல வச்சுக்காத ஆத்தா. நல்ல காரியம் பண்ணியிருக்க" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும், கண் இமைப்பதைக்கூடக் குறைத்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனிதர், சிரிப்பு இல்லாத முகத்தோடு பேசுவதை நான் இன்னும் பழகிக்கொள்ளவில்லை. கிண்டலா, நிஜமா, வருத்தமா என்று ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

திரும்பி வந்த கொஞ்ச நாளில், தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ஜீப்பு டிரைவர் தம்பியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பறிப்பு நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்திருந்த மலையாளத்துச் சேச்சி ஒருத்தி கட்டன் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை அவரே பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, எவ்வளவு சிந்துகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏ புள்ள, இங்கிட்டு வந்து உக்காரு."

"இருங்க, சட்டையில கொட்டியிருக்கு, தொடைச்சு விடுறேன்."

"கொட்டுனாக் கொட்டட்டும். வெரசா வந்து உக்காரு." குரல் இப்போதெல்லாம் தாழ்ந்துவிட்டது, பக்கத்தில் போனால்தான் கேட்கும். படியில் அவர் காலடியில் உட்கார்ந்தேன். "அந்த டாக்டர் புள்ள வருசத்துக்கு ஒரு நாள்தான் என்னையச் சோதிக்குது. நீ தெனமும் சோதிக்குற. என்னையப் பாத்துக்கிற ஆளு இருக்கு புள்ள. எங்கூட இருக்கத்தான் யாரும் இல்ல."

சீண்டுகிறாரா, திட்டுகிறாரா, அழுகிறாரா? நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும், அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நான் இருக்கேன் என்று சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் என் மனதில் பட்டது, போன மாதத்தைவிட இப்போது கண் இமைப்பது குறைந்திருக்கிறது என்பதுதான்.