பன்னிரண்டு மணி மிஸ்டு கால்

பன்னிரண்டு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போதே ஃபெலிக்ஸ் மேஜையை ஒழிக்கத் தொடங்கிவிடுவார். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், ஹெட்போன் எல்லாம் ஓரத்துக்குப் போகும். நடுவில் அவருடைய கைப்பேசி மட்டும் மல்லாந்து கிடக்கும். அந்த நேரத்தில் யாராவது போய்ப் பேச்சுக் கொடுத்தால் ஒரு விரலை உயர்த்திக் காட்டுவார். கைப்பேசி ஒருமுறை அடித்து உடனே நிற்கும். திரையில் 'அத்தை' என்று வந்து மறையும். "வந்துட்டு," என்பார். பிறகுதான் டிபன் டப்பா நடுவுக்கு வரும்.

கச்சிபௌலியில் கண்ணாடி போர்த்திய கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் எங்கள் அலுவலகம். சிறிய ஊர்களில் இருக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கு, எந்த நோயாளிக்கு எந்த நேரம், எந்த எந்திரம் என்று பிரித்துக் கொடுக்கும் மென்பொருளை நடத்துகிறோம். நடத்துகிறோம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். தகவல்கள் இருப்பது ஒரு கம்பெனியின் கிளவுடில். நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது இன்னொரு கம்பெனி. உள்ளே நுழையும்போது கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது வேறொன்று. எல்லாமே வாடகை வீடு. எந்த வீட்டில் எப்போது குழாய் அடைக்கும், எந்த வீட்டுக்காரர் எப்போது வெள்ளையடிக்க வருவார் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஃபெலிக்ஸின் உத்தியோகம். சரிசெய்வது அவர் வேலையில்லை, அவரால் முடியவும் முடியாது.

"நம்ம கைல என்ன சார் இருக்கு? சொல்லுதது ஒண்ணுதான். அதையாவது நேரத்துக்குச் சொல்லணும்லா," என்பார். தூத்துக்குடியை விட்டு இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து பதினைந்து வருஷமாகியும் அவருடைய பேச்சு இன்னும் ரயிலேறவில்லை.

அந்தக் கம்பெனிகள் தங்கள் பராமரிப்பு அறிவிப்புகளை அமெரிக்க நேரத்தில், அமெரிக்க மரியாதையோடு அனுப்பும். ஒன்றரைப் பக்கம் இருக்கும். ஃபெலிக்ஸ் அதை மையத்து நர்ஸுகளுக்குத் தெலுங்கில் ஒரே வரியாக்கிவிடுவார்: புதன் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை திரை திறக்காது, காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தெலுங்கில் பிழை உண்டு. புரியவில்லை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. 'சில பயனர்களுக்குச் சிறிது தாமதம் ஏற்படலாம்' என்று எந்தக் கம்பெனியாவது எழுதியிருந்தால் வாய்விட்டுச் சிரிப்பார். "சில பேருக்குன்னா எல்லாருக்கும்னு அர்த்தம். சிறிதுன்னா சாயங்காலம் வரைக்கும்."

எங்கள் சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கட்டம். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் கோளாறு. கம்பெனிக்காரர்களே தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் நிறம் அது என்பதால் ஃபெலிக்ஸுக்கு அந்தப் பச்சையின் மேல் கொஞ்சமும் மதிப்பில்லை. 'தெரியல' என்பதற்குத் தனியாக ஒரு சாம்பல் நிறம் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்கள் மேலாளர் கிருஷ்ணபிரசாத் விஜயவாடாக்காரர், சென்னையில் வேலை பார்த்துத் தமிழ் கற்றவர். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் சொல்வார். "க்ளையன்ட் வந்து பாக்கும்போது சாம்பல் கலர் இருந்தா நல்லாவா இருக்கும்? தெரியலன்னு சொல்றதுக்கா நமக்குச் சம்பளம், செப்பு?"

"தெரியாததுக்குப் பச்சை அடிக்கதுக்கும் சம்பளம் கெடையாதே சார்."

அலுவலகத்துக்கு வெளியிலும் இந்த வியாதி உண்டு. வண்டி இரண்டு நிமிடத்தில் வரும் என்று கைப்பேசி சொன்னால் உட்கார இடம் தேடுவார். ஓட்டலில் "ரெடி சார்" என்றால் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார். அவர் மனைவி லலிதா, ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த அம்மாள் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் மட்டும் உடனே நம்பிவிடுவாராம். அதில் லலிதாவுக்குப் பெரிய குறை.

எங்கள் மாடியில் ஒரு வழக்கம்: இல்லாத கோளாறை இருப்பதாகச் சொல்லி ஊரை எழுப்பியவர் எல்லோருக்கும் உஸ்மானியா பிஸ்கட் வாங்கித் தர வேண்டும். மற்றவர்கள் அந்தத் தண்டனைக்குக் கூச்சப்பட்டு, உறுதியாகத் தெரியும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். ஃபெலிக்ஸின் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும். "மொதல்லயே வாங்கி வச்சிட்டா பயமில்லாம சொல்லலாம் பாத்தியளா," என்று எனக்கு விளக்கினார். தீர்ந்தால் அடுத்த பெட்டி வந்துவிடும்.

இனி அந்த அத்தை. மங்கையர்க்கரசி அம்மாள், லலிதாவின் தாயார். மாமனார் லாலாகுடா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து காலமானவர். அத்தை பட்டணத்தின் மறுகோடியில், மெட்டுகுடாவில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறார். மகள் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டதை அவர் ஏற்கவில்லை. கல்யாணத்துக்குச் சர்ச்சுக்கு வரவில்லை, அவர்கள் வீட்டுப் படியும் ஏறவில்லை, மருமகனோடு பேசுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லலிதா மட்டும் போய் அம்மாவைப் பார்ப்பாள். ஃபெலிக்ஸ் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்.

எங்கள் குறுஞ்செய்தி கம்பெனி, செய்தி போகாத நாளிலும் 'அனுப்பியாகிவிட்டது' என்று பச்சை காட்டும். செய்தி வராவிட்டால் நோயாளி மறுநாள் மையத்துக்கு வரமாட்டார். நோயாளிகளின் எண்கள் எங்கள் கண்ணுக்குத் தெரியாது, அது சட்டம். கிருஷ்ணபிரசாத் ஒரு சோதனைக் கைப்பேசி வைத்திருக்கிறார். ஆனால் அதிலிருப்பது பட்டணத்து சிம், அதற்குத் தனிப் பாதை. மாவட்டங்களில் பலரிடம் இருப்பது ஒரு பழைய கம்பெனி சிம். அந்தச் சிம் வைத்திருக்கும் யாரையாவது பொய் நோயாளியாகப் பட்டியலில் சேர்த்து, செய்தி வருகிறதா என்று தினமும் கேட்பது ஃபெலிக்ஸின் யோசனை. நண்பர்களைச் சேர்த்துப் பார்த்தார். வந்தால் சொன்னார்கள், வராத நாளில் யாருக்கும் அது தோன்றவே இல்லை.

"வராதது கண்ணுல படுத ஆளு வேணும் சார். பால் பாக்கெட்டு லேட்டானா எங்க அத்தை கடைக்காரனுக்குப் போன் போட்டுருவாவ. பேப்பர் வரலன்னா ஏஜென்ட் வீட்டுக்கே நடந்துருவாவ. சிம்மும் அந்தப் பழைய சிம்முதான். அவியள விட்டா யாரு இருக்கா?"

லலிதா தூது போனாள், ஃபெலிக்ஸின் விசிட்டிங் கார்டோடு. "அவருக்காகன்னா நக்கோ, வேணாம். நோயாளிங்களுக்குன்னா செய்யறேன்," என்று பதில் வந்தது. அன்றிலிருந்து தினமும் நண்பகலில், சித்திப்பேட்டைப் பக்கம் எட்டே எந்திரங்கள் உள்ள ஒரு மையத்தில், இல்லாத ஒன்பதாம் எந்திரத்தில் நாளைக் காலை அவருக்கு டயாலிசிஸ் என்று செய்தி போகிறது. எந்த வியாதியும் இல்லாத மனுஷி. பக்கத்து வீட்டம்மா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்த கதையும் உண்டு. செய்தி வந்தால் ஃபெலிக்ஸுக்கு ஒரு மிஸ்டு கால். வராவிட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கும். இவர் எடுத்தால் "வரல" என்று ஒரு சொல், அவ்வளவுதான். அது பேச்சில் சேராது என்பது அத்தையின் கட்சி.

ஒருமுறை அந்த 'வரல' பெரிய காரியம் செய்தது. சுவரெல்லாம் பச்சையாக இருக்க, அத்தையின் ஒரு சொல்லை நம்பி ஃபெலிக்ஸ் மையங்களுக்குச் சொன்னார். நர்ஸுகள் கையால் போன் போட்டு நோயாளிகளை வரவழைத்தார்கள். கம்பெனி மறுநாள்தான் ஒப்புக்கொண்டது. ஆனால் அதன் பிறகு இரண்டு முறை பிஸ்கட். ஒருமுறை அத்தையின் போனில் செய்திப் பெட்டி நிறைந்துவிட்டது. இன்னொருமுறை திருப்பதியில் போனை லாக்கரில் வைத்துவிட்டு, நேரம் கழித்து நினைவு வந்து, 'வரல' என்று யார் போனிலிருந்தோ அடித்துவிட்டார். கிருஷ்ணபிரசாத் பொறுமை இழந்தார். இன்னும் ஒரு பொய் அலாரம் வந்தால் அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"எடுத்துட்டா அவியளுக்கும் எனக்கும் இடையில வேற ஒண்ணுமே கெடையாது சார்," என்றார் ஃபெலிக்ஸ் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மேஜை ஒழிந்து கிடந்தது, பன்னிரண்டும் கடந்தது. மிஸ்டு கால் இல்லை. 'வரல'யும் இல்லை. ஃபெலிக்ஸ் அத்தையின் எண்ணை அழைத்தார், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. லலிதா வகுப்பில் இருந்தாள், அவளும் எடுக்கவில்லை. இதற்கு நடுவில் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. "லோன் வேணுமான்னு கேப்பான்," என்று வெட்டினார். மறுபடி வந்தது, வெட்டினார். மூன்றாம் முறையும் வந்தது. திட்டிக்கொண்டே வெட்டினார்.

கிருஷ்ணபிரசாத் சோதனைக் கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார். அதற்குச் செய்தி வந்திருந்தது. சுவரும் பச்சை. "எல்லாம் ஓகேதானே ஃபெலிக்ஸ்? விட்டுடு."

ஃபெலிக்ஸ் நாற்காலியில் அசையாமல் இருந்தார். சொல்லாமல் விட்டு, செய்தி உண்மையாகவே போகாமல் இருந்தால் யாரோ நாளைக்கு வீட்டில் இருந்துவிடுவார்கள். சொல்லி, அது பொய்யாகிவிட்டால் அந்த மிஸ்டு கால் இனி இல்லை. "டயாலிசிஸ் ஒரு தடவை தள்ளிப்போனா மூச்சு முட்டிரும் சார் நோயாளியளுக்கு," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். பிறகு மையங்களுக்கு எழுதினார்: செய்தி போனதா என்று தெரியவில்லை, கையால் போன் போட்டுக் கேளுங்கள்.

ஒரு மணிக்குள் பதில்கள் வந்துவிட்டன. எல்லோருக்கும் செய்தி போயிருக்கிறது. பழைய சிம்காரர்களுக்கும்தான். ஒரு நர்ஸ் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தாள்.

ஃபெலிக்ஸ் இழுப்பறையைத் திறந்து பெட்டியை எடுத்தார். ஒவ்வொரு மேஜையாகப் போய் நீட்டினார். கிருஷ்ணபிரசாத் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, "சாரி ஃபெலிக்ஸ்," என்று சொல்லிவிட்டுத் தன் திரையில் பட்டியலைத் திறந்தார். ஃபெலிக்ஸ் அதைப் பார்க்கக்கூட இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "மெசேஜ் போயிருக்கு. அப்பம் அத்தைக்குத்தான் என்னமோ ஆயிட்டு. மெட்டுகுடாவுக்குப் போறேன் சார்."

அப்போதுதான் வரவேற்பறையிலிருந்து போன். கீழே ஒரு வயதான அம்மா வந்திருக்கிறார், ஃபெலிக்ஸைத்தான் கேட்கிறார்.

நானும் கூடப் போனேன். கிருஷ்ணபிரசாத்தும் பின்னாலேயே வந்தார். சோபாவின் நுனியில், எந்த நிமிடமும் எழுந்துவிடுகிற மாதிரி அத்தை உட்கார்ந்திருந்தார். மெட்டுகுடாவிலிருந்து ராய்துர்கம் வரை மெட்ரோ, பிறகு ஆட்டோ. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பை நிறைய அரிசி. அரிசிக்குள் பட்டன் போன் ஒன்று புதைந்திருந்தது. ஃபெலிக்ஸைப் பார்த்ததும் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க தமிழா?"

"ஆமாம்மா."

"அவர்கிட்ட சொல்லிடுங்க. காலைல போன் பக்கெட் தண்ணியில விழுந்துடுச்சு. இன்னிக்கு மெசேஜ் வந்துச்சா வரலயா, எனக்குத் தெரியாது. வந்துச்சுன்னும் சொல்லக்கூடாது, வரலன்னும் சொல்லக்கூடாதுல்ல? பக்கத்து வீட்டுப் போன்லேர்ந்து மூணு வாட்டி பண்ணேன். ஏன் கட் பண்றார்னு புரியல. அதான், தெரியலன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

ஃபெலிக்ஸ் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். "லோன்காரன்னு நெனச்சிட்டேன் அத்தை," என்றார்.

"லோனாம்," என்றார் அத்தை என்னிடம்.

மேலே வந்து சாப்பிடச் சொன்னேன். நக்கோ, தண்ணீர் போதும் என்றார். கிருஷ்ணபிரசாத் லிஃப்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு கையில் தண்ணீர், பேப்பர் தட்டில் இரண்டு உஸ்மானியா. இன்னொரு கையில் சோதனைக் கைப்பேசி. அதிலிருந்த பட்டணத்துச் சிம்மைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இதுல அவங்க சிம்மைப் போடு," என்று ஃபெலிக்ஸிடம் நீட்டினார். "நாளைக்கு மறுபடி பன்னெண்டு மணி வரும்ல, கதா?"

ஃபெலிக்ஸ் அரிசியிலிருந்து போனை எடுத்து, பின்மூடியைத் திறந்து, சிம்மைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக் கொடுத்தார். அத்தை ஒரு பிஸ்கட்டைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கைப்பேசி டிங்கென்றது. நண்பகலிலிருந்து காத்துக் கிடந்த செய்தி. அத்தை கையைப் புடவையில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். நாளைக் காலை ஆறு மணி, ஒன்பதாம் எந்திரம்.

பிறகு பர்ஸைத் திறந்து ஒரு கார்டை எடுத்தார். நான்கு மூலைகளும் தேய்ந்து துணி மாதிரி ஆகியிருந்த ஃபெலிக்ஸின் விசிட்டிங் கார்டு. அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாக அழுத்த ஆரம்பித்தார்.

"அவர் இங்கேயே..." என்று நான் வாயைத் திறந்தேன். ஃபெலிக்ஸ் ஒரு விரலை உயர்த்தினார். அவருடைய சட்டைப் பையில் மணி ஒருமுறை அடித்து நின்றது.