வலை இழுத்த கையும் பிள்ளையின் முதுகும்

மகள் பிறந்து சில மாதங்கள் கழித்து, தாய்வீட்டிலிருந்து புகுந்த ஊரான தோணிரேவுக்குத் திரும்பினேன். ஆரம்பாக்கம் பக்கம் நெல் விளையும் ஊர் என்னுடையது. என் வீட்டுக்காரர் கடல் கலக்கும் உப்பு ஏரியில் இறால் பிடிப்பவர். அன்று கரையிலிருந்து நேராக வந்தவர், கையைக் கழுவிக்கொண்டு ஆசையாகப் பிள்ளையைத் தூக்கினார். தூக்கியதும் அது வீறிட்டது. வாங்கிப் பார்த்தால், சட்டை போடாத அந்தச் சின்ன முதுகில் சிவப்புக் கோடுகள்.

கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய கை அவருடையது. உப்புத் தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்த தோல், ஓரங்களில் செதில் செதிலாக நின்றது. கல்யாணமான புதிதில் அந்தச் சொரசொரப்பு எனக்கும் உறைத்ததுண்டு. பிறகு பழகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் குழந்தையைத் தூக்கவே இல்லை. தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடக்கும் துண்டின் நுனியால் அதன் கன்னத்தைத் தொடுவார்.

"தூக்குய்யா" என்றால், "வேணாம்மே, கீறிக்கும்" என்பார்.

ஒரு மதியம் வீட்டுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டுப் போனேன். படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன் தேய்க்கிற உப்புத்தாளை வைத்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"இன்னாய்யா பண்ற?"

"மேல் தோலு போனா நைஸா ஆயிடும்னு பார்த்தேன்" என்றார், தலை நிமிராமல்.

மறுநாள் எங்கள் பாடு. ஏரியில் வலை போட ஒவ்வொருவருக்கும் முறை வைத்து வரும் நாளை அப்படித்தான் சொல்வோம். அதைத் தவறவிட மனமில்லாமல் போனார். புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டதும் கயிற்றைப் பிடிக்கவே முடியவில்லையாம். கூட வந்தவர்கள் வலையை இழுக்க, இவர் படகில் உட்கார்ந்தே திரும்பினார்.

அந்த வாரம் பிள்ளைக்கு ஊசி போட வந்த நர்ஸம்மா அவர் கையைப் பார்த்துவிட்டார்.

"இன்னாண்ணே, இப்படி உரிச்சி வெச்சிகீறீங்க? செத்த தோலு மேல தங்கிட்டா எண்ணெ உள்ள எறங்காது. காஞ்சி வெடிக்கும். அத்த எடுக்க வேண்டியதுதான், ஆனா ஊறவெச்சி மெல்லமா எடுக்கணும். மொதல்ல புண்ணு ஆறட்டும். காய்ப்ப மொத்தமா எடுத்துடாதீங்க, அப்புறம் கயிறு கைய அறுத்துடும்." என் பக்கம் திரும்பி, "பச்சப்புள்ள ஒடம்புல இப்படியெல்லாம் தேய்ச்சி எடுக்கவே கூடாது" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

புண் ஆறிய பிறகு, வாரத்தில் பாடு இல்லாத ஒரு நாள் செத்த தோலை எடுப்பது எங்கள் மதிய வேலையானது. வெதுவெதுப்பான தண்ணீரில் தோல் இளகும்வரை கையை ஊறவைப்பார். பயத்தமாவைத் தயிரில் குழைத்துப் பூசி, ஈரமான மெல்லிய துணியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். அழுத்த மாட்டேன். செதில்கள் மாவோடு சேர்ந்து திரண்டு வரும். கழுவி, துணியால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காயும் முன்பே தேங்காயெண்ணெய் தடவுவேன். வாரம் ஒருமுறைக்கு மேல் செய்யவில்லை. தினமும் செய்தால் சீக்கிரம் சரியாகுமே என்று அவர் அவசரப்பட்டார், நான் விடவில்லை.

வாசலில் உட்கார்ந்து செய்வதைப் பார்த்துப் போகிறவர்கள் சிரித்தார்கள். "இன்னா மாப்ள, பியூட்டி பார்லரா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரே, பனிக்காலத்தில் குதிகால் வெடித்ததும் கூச்சத்தோடு வந்து நின்றார்.

காய்ப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் கீறுகிற ஓரங்கள் போய், வெடிப்புகள் மூடி, தடவிய எண்ணெய் தோலில் தங்கியது.

மகள் இப்போது பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறாள். அந்த மதியங்களில் எங்களுக்குள் பேச்சு அதிகம் இருக்காது. மடியில் கிடக்கும் அவர் கையின் கனமும், தயிர் வாசமும், ஏரிக்காற்றும்தான் இன்றும் நினைவில் நிற்கின்றன.

அப்படி ஒரு மதியம் எண்ணெய் தடவி முடித்ததும், நானே பிள்ளையை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை நெளிந்தது, முகத்தைச் சுளித்தது, பிறகு அப்படியே தூங்கிப்போனது. அவருக்குப் போட்டுவைத்த சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"நீயே ஊட்டிவுடும்மே. கைய எடுத்தா முழிச்சிக்கும்" என்றார், உதடு மட்டும் அசைய.