அந்தோணியம்மாள் சிஸ்டரின் கட்டைவிரல்

தோல் மண்டியில் உப்புத் தூவிக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது: நர்ஸ் அந்தோணியம்மாள் காலமாகிவிட்டார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். பேகம்பூரில் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத வீடு ஏது?

ஆறு வருடத்துக்கு முன் என் மகள் மைமூன் வாந்திபேதியில் ஆஸ்பத்திரியில் துவண்டு கிடந்தாள். கைகால் நரம்பெல்லாம் உள்வாங்கிவிட்டது. டாக்டர் காரை எலும்புக்குக் கீழே ஊசி இறக்கி, நெஞ்சுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் மெல்லிய குழாயைச் செருகி சலைன் ஏற்றினார். தலை தாழ்ந்திருக்கக் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்தார்கள்.

"குழாய்ப் பக்கம் யாரும் போகாதீங்க. காத்து உள்ள போனா உசுருக்கே வினை" என்றார் சிஸ்டர். எட்டாம் வகுப்புப் படித்தவன் அல்லவா, எல்லாம் புரிந்தவன்போலத் தலையாட்டினேன்.

என் கண்ணில் பட்டது வேறு. பிள்ளையின் கால் மேற்கே, கிப்லா பக்கம் நீட்டியிருந்தது. அதுவும் செங்கல் உயரத்தில். தொழும் திசைக்குக் காலைத் தூக்கிவைத்துவிட்டு, அல்லாவிடம் எந்த முகத்தோடு பிள்ளையைக் கேட்பது? சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போன நேரம் பார்த்துச் செங்கலை உருவிவிட்டுக் கட்டிலைத் திருப்ப இழுத்தேன். பாட்டில் தொங்கிய கம்பி நின்ற இடத்திலேயே நின்றது. குழாய் கழன்றது. 'உஸ்' என்று ஒரு சத்தம். மைமூன் இருமினாள், உதடு நீலம் பாரித்தது.

"அடப் பாவி மனுசா!" ஓடிவந்த சிஸ்டர், நெஞ்சில் செருகியிருந்த குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தார். பிள்ளையை இடப்பக்கம் ஒருக்களித்துப் போட்டார். "கால்மாட்டைத் தூக்குங்க பாய்!"

தூக்கினேன். என் நடுக்கத்தில் கட்டிலும் ஆடியது.

"ஆட்டாதீங்க, இது தொட்டில் இல்ல."

டாக்டர் வரும்வரை அவர் விரலை எடுக்கவில்லை. நான் அந்த உதட்டையே பார்த்து நின்றேன். தெரிந்த ஓதல் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மெல்ல நிறம் திரும்பியது.

"குழாய் கழண்டு காத்துப் போயிருச்சு சார்" என்றார் சிஸ்டர், டாக்டரிடம். யார் கழற்றியது என்று சொல்லவில்லை. பிறகு என்னிடம் காரணம் கேட்டார். சொன்னேன்.

"இம்புட்டுத்தானா? சொல்லியிருந்தா நானே திருப்பிப் போட்டிருப்பேன்ல?"

சொன்னபடியே இரண்டு ஆயாக்களை வைத்துக் கட்டிலைத் திருப்பினார், குழாயைத் தன் கையில் பிடித்துக்கொண்டு. "பாய் மட்டும் அங்கிட்டுப் போயி, கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

அப்போது வீட்டில், குழாய் தானாகக் கழன்றது என்றேன். நேற்று துக்க வீட்டில் என் மனைவி பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னாள்: "தங்கமான மனுசி. எம் மகளுக்குக் குழாயச் சரியா மாட்டாம விட்டது ஒண்ணுதான் குறை."

வீடு வந்ததும் மனைவியிடமும் மைமூனிடமும் உண்மையைச் சொன்னேன். மைமூன் கேட்டாள்: "அவுக இருக்கையில சொல்லியிருக்கலாம்ல அத்தா?"

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என் மகள். என்னிடமிருந்து அவருக்குப் போனது அந்தக் கெட்ட பேர். அவரை அறிந்தவர்களே, அதை இனி என் பேரிலேயே சொல்லுங்கள்.