துவாதசிக்கு வாங்கிய கீரை

நாள்காட்டித் தாளைக் கிழித்து எறியாமல் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்கு எட்டு வயதிலேயே வந்துவிட்டது. அன்றன்று நடந்ததைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுவேன். கரண்ட் போனது, பல்லி விழுந்தது, கணக்கு டீச்சர் வரவில்லை, இப்படித்தான். எனக்கு ஒன்பது வயதான மார்கழியின் மூன்று தாள்கள் மட்டும் தனியாக ரப்பர் பேண்ட் போட்டு இருக்கின்றன. புதன், தசமி. வியாழன், வைகுண்ட ஏகாதசி. வெள்ளி, துவாதசி. வெள்ளிக்கிழமைத் தாளின் அடியில் பக்ரீத் என்றும் அச்சாகியிருக்கிறது.

இது தற்செயல் இல்லை. பக்ரீத், பிறை பார்த்துப் பத்தாம் நாள். ஏகாதசி, அமாவாசைக்குப் பின் பதினோராம் திதி. பிறை கண்ணுக்குத் தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ பிந்தும். ஆகவே பக்ரீத் எந்த மாதத்தில் வந்தாலும் வளர்பிறை ஏகாதசியை ஒட்டியே வரும். மார்கழியில் வந்தால் வைகுண்ட ஏகாதசியோடு முட்டிக்கொள்ளும். மாடியில் நாங்களும் கீழ்வீட்டு முஸ்லிம் குடும்பமும் ஒரே நிலாவைப் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறோம். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கார் நிறுத்தும் இடத்தில் ஓர் ஆடு கட்டியிருக்கிறது என்பதுதான்.

மந்தைவெளியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் நாங்கள் குடியிருந்தோம். தரைத்தளத்தில் ஒரே ஒரு வீடு, மீதி இடம் கார்களுக்கு. அந்த வீட்டுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு பாய் சித்திரையில் குடிவந்திருந்தார். அவர், அவர் மனைவி, படுத்த படுக்கையான அவருடைய அப்பா. பெரியவரின் கட்டில் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்த ஜன்னலோரம் இருந்தது. ஆடு வந்த நாளிலிருந்து அவர் ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி வைத்திருப்பார். அது வந்து உள்ளங்கையை முகரும். எனக்கு அந்தக் கையைப் பார்த்தால் பயம். முழங்கை வரை எலும்பு, அதன் மேல் தளர்ந்த தோல்.

புதன்கிழமை சாயங்காலம் அசோசியேஷன் கூட்டம். அப்பா செயலாளர். ஆட்டைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அது நடுவில் நின்று புழுக்கை போட்டது. மூன்றாம் மாடியில் இருந்த, ஓய்வுபெற்ற மாமா ஆரம்பித்தார்.

“இது ரெசிடென்ஷியல் ஏரியா. அறுக்கறதுக்குன்னு கார்ப்பரேஷன்ல ஆட்டுத்தொட்டி வெச்சிருக்கான். சட்டம் அதைத்தான் சொல்றது.”

“தெரு ஃபுல்லா தார்ப்பாய் கட்டினு பண்றாங்க சார், எங்க ஏரியாலல்லாம்,” என்றார் பாய். “நான் பின்னாடி ஓரமா, ஒரு மணி நேரத்துல முடிச்சு பினாயில் ஊத்திக் கழுவி உட்டுருவேன்.”

“கழுவின தண்ணி எங்கே போகும்? சம்ப் மூடி அங்கேதான் இருக்கு,” என்றாள் இரண்டாம் மாடி மாமி.

அந்த ஒரு வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. சம்ப்பிலிருந்துதான் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். அதுதான் எங்கள் குழாயில் வரும்.

அப்பா சமாதானமாகப் பேசினார். “உங்க பண்டிகைல எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. இங்கே வேண்டாம்ங்கறோம், அவ்வளவுதான்.”

“இங்கதானே சார் நான் குடியிருக்கேன்.”

பிறகு பாய் ஜன்னலைக் காட்டினார். “எங்க அத்தா பேர்ல குடுக்கறது சார். அவங்க கண்ணு முன்னால நடக்கணும்னு ஆசைப்படறாங்க. மூணு வருஷமா கட்டில்ல. எங்கயும் தூக்கினு போவ முடியாது. வாக்கு குடுத்துட்டேன்.”

“ஆடே நொண்டற மாதிரின்னா இருக்கு,” என்றாள் மாமி.

பாய்க்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. “இல்லம்மா. நொண்டி, கண்ணு போனது, காது அறுந்தது எதுவும் குர்பானிக்கு ஆவாது. பல்லு வரைக்கும் பாத்து வாங்கினது.”

நாளைக்குள் ஆடு போகாவிட்டால் போலீசில் எழுதிக் கொடுப்பது, வீட்டுச் சொந்தக்காரருக்கும் போன் போட்டுக் காலி செய்யச் சொல்வது என்று முடிவாயிற்று. பாய் “எழுதிக் குடுங்க சார்” என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

அதற்குப் பிறகு நான் குழாயைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு மெல்ல ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். வெள்ளிக்கிழமை காலை அது சிவப்பாக வரும். போலீஸ் வரும். அப்பா செயலாளர் என்பதால் அப்பாவைத்தான் முதலில் விசாரிப்பார்கள். எல்லாவற்றையும் தடுக்கும் வழி ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதைப் பாயே சொல்லிக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை ஏகாதசி. விடிகாலையில் சொர்க்க வாசலுக்குப் போய் நெரிசலில் நசுங்கித் திரும்பிய அப்பாவும் அம்மாவும் பட்டினியோடு மத்தியானம் கண் அசந்தார்கள். கூடத்து மூலையில் ஈரத்துணி சுற்றி அகத்திக்கீரைக் கட்டு இருந்தது. மறுநாள் துவாதசிப் பாரணைக்கு வாங்கியது. ஏகாதசி விரதத்தை அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துச் சாப்பிட்டுத்தான் எங்கள் வீட்டில் முடிப்பார்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டேன்.

கீழே யாரும் இல்லை. பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். கீரையைப் பார்த்ததும் ஆடு என்னை நெடுநாள் தெரிந்ததுபோல நெருங்கி வந்தது. கட்டை முன்னால் போட்டேன். அது தலையைக் குனிந்து கொழுந்தாகப் பார்த்து இழுக்க ஆரம்பித்தது. காது சூடாக இருந்தது; அவ்வளவு சூடாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நுனியில் மட்டும், நகம் அளவுக்கு, வெட்டினேன்.

ஆடு கத்தவில்லை. தலையை ஒரு உதறு உதறியது. என் பாவாடையில் புள்ளி புள்ளியாகத் தெறித்தது. பிறகு மறுபடியும் குனிந்து கீரையைத் தின்னத் தொடங்கியது. நான்தான் மாடிக்கு ஓடினேன்.

குளியலறைக் கதவைத் தாழ் போட்டுப் பாவாடையைக் குழாயடியில் பிடித்தேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அந்தக் கட்டடத்தில் ஆட்டு ரத்தம் கலந்து தண்ணீர் ஓடியது அந்த ஒரு முறைதான், அதுவும் செயலாளர் வீட்டில். வியாழக்கிழமைத் தாளின் பின்னால் இருப்பது இரண்டே வார்த்தை: பாவாடை துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை பொழுது சரியாக விடிவதற்குள் அழைப்பு மணி அடித்தது. அப்பா திறந்தார். பாய் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்றார். தொழுகைக்குக் கிளம்பியவர்.

“ஆட்டை எடுத்துக்கினு போயிடறேன் சார். சைதாப்பேட்டைல மச்சான் வூட்டாண்ட வெச்சு முடிச்சிக்கறோம்.”

“ரொம்ப நல்லது. உங்க அப்பா…”

“அவங்களாண்ட இன்னும் சொல்லல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணு சார். போலீஸ்ல எழுதுங்க, ஓனராண்ட சொல்லுங்க, அது வேற. வாயில்லாத ஜீவன் காதை வெட்டி உட்டு மிரட்டற வேலை வேணாம். என் வூட்டுக்காரம்மா விடிய விடிய கதவாண்டயே உக்காந்துனு இருந்தா.”

“காதை வெட்டறதா? யாரு?”

“யாருன்னு நான் கேக்கல சார். இன்னிக்கு ஆட்டுக் காது. நாளைக்கு இன்னாவோன்னு இருக்குது.”

“நம்ம பில்டிங்ல யாரும் அப்படிப் பண்ண மாட்டா,” என்றார் அப்பா. பாய் “சரி சார்” என்றார், நம்பாத குரலில்.

நான் அம்மாவின் புடவைத் தலைப்புக்குப் பின்னால் நின்றிருந்தேன். சொல்லியிருக்கலாம். சொன்னால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்று தோன்றியது. அம்மா வேறு கவலையில் இருந்தாள்.

“ஏன்னா, கீரைக்கட்டை எங்கேயாவது எடுத்து வெச்சேளா? நேத்திக்கே தேடினேன். பாரணைக்கு நாழியாறது.”

“அகத்தியாம்மா?” என்றார் பாய். “எங்கிட்ட இருக்கு. ஆட்டுக்கு வாங்குனது. பிரிக்காத கட்டு, அது வாய் வெக்கல. இனிமே அதுக்கு வேணாம்.”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். பாய் இறங்கிப்போய்க் கட்டைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். அம்மா மூன்று தண்ணீரில் அலசினாள். அப்பா அந்தக் கீரையைப் பிசைந்து சாப்பிட்டு விரதத்தை முடித்துக்கொண்டார்.

அவ்வளவு சிறிய வெட்டு குர்பானிக்குத் தடையல்ல என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆட்டை நான் காப்பாற்றவில்லை. போலீசுக்கும் சட்டத்துக்கும் அசையாத மனிதரை அசைத்தது எது என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தை மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். யாரும் போகச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை இதெதுவும் தெரியாமல் பால்கனியில் நின்றேன். கீழே ஆடு ஆட்டோவில் ஏற மறுத்து, தூக்கி வைக்கப்பட்டது. ஆட்டோ திரும்பிப் போயிற்று. உள்ளே போய்க் குழாயைத் திறந்தேன், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு. தண்ணீர் தெளிவாக வந்தது. என் பயம் தீர்ந்தது. மறுபடியும் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தேன்.

கீழ் ஜன்னலின் கம்பிக்கு வெளியே அந்தக் கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேல் பார்த்து விரிந்திருந்தது. வெகுநேரம் அப்படியே இருந்தது. மழை வருகிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, நானும் வானத்தைப் பார்த்தேன்.